தகரப்பெட்டியும் சர்வதேசப் பாதுகாப்பும்

நாடுகளுக்கிடையே சண்டை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஒரு மேற்படிப்பு இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வராம பாத்துக்கிறது சரி. வந்துட்டா?"

என்னிடம் பதில் இல்லை. பின்னாளில் அந்தப் படிப்பைப் படித்து முடித்து, அதையே பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டு, பெரிய மேசைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்த பல பேரிடம் இதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். அவர்களிடமும் பதில் இருக்கவில்லை. தெரியாது என்று சொல்வதற்கு மட்டும் அவர்கள் கட்டுக் கட்டாக எழுதுவார்கள்.

எங்கள் வீடு றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசி இரண்டு அறைகள், எங்கள் பேச்சில் காம்பிராக்கள். அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரே அறையில் எல்லா வகுப்பையும் வைத்துக்கொண்டு, ஒரு மூலையில் பெருக்கலும் மறு மூலையில் ஆனா ஆவன்னாவும் ஒரே மூச்சில் நடத்துவார். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். வாத்தியார் பெண்டாட்டி மலைக்குப் போகலாமா என்று கேட்டவர்களிடம், "வாத்தியார் சம்பளத்த நீங்க பாத்ததில்ல போல" என்பாள். நான் ஒரே பிள்ளை. பேராதனைக்குப் போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அந்தப் படிப்பைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது ஹட்டன் கடைவீதியில் ஒரு புடவைக்கடையில். கடை முதலாளி ஒரு முஸ்லிம், அண்ணன் என்ற முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். ஆங்கிலப் பத்திரிகை வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் மடிப்புக் கலையாமல் வைத்திருப்பார். அவர் வாசிப்பதில்லை. தோட்டங்களை நிர்வகிக்கும் துரைமார் வீட்டு அம்மாக்கள் வந்தால் கண்ணில் படட்டும் என்று வைத்திருப்பது. பள்ளிக்கூடம் விட்டு ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்த மடிப்பைக் கலைக்கும் உரிமை எனக்கு மட்டும் இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, சர்வதேச உறவும் பாதுகாப்பும் படிக்க, புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளிலிருந்து பட்டதாரிகளை எடுக்கிறது, படிப்பு, இருப்பிடம், கப்பல் டிக்கட் எல்லாம் அவர்கள் பொறுப்பு என்று போட்டிருந்தது.

"பாதுகாப்புன்னா பொலிஸ் வேலையா மகள்?" என்று கேட்டார் முதலாளி.

"இல்ல நானா. நாடுகளுக்குள்ள."

"அப்ப பெரிய பொலிஸ்."

அவர் அதை றொசல்ல பக்கத்திலிருந்து வந்த இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் தோட்டம் முழுக்க எனக்குப் பெரிய பொலிஸ் என்று பேர் விழுந்துவிட்டது. கோயிலுக்கு, அதாவது எங்கள் சபைக் கோயிலுக்கு, ஜெபத்துக்குப் போனால் பின் பெஞ்சில் சின்னதுகள் சல்யூட் அடித்தன.

பேர் வைத்தால் வேலையும் வரும். எங்கள் மேட்டு லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு பீலிதான். மலையிலிருந்து தகரக்குழாய் வழியாக விழும் அந்தத் தண்ணீரில்தான் குடிப்பது, குளிப்பது, துவைப்பது எல்லாம். அதனால் சண்டைக்கும் பஞ்சமில்லை. தோட்டத்துச் சங்கத் தலைவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "பெரிய படிப்பு படிக்கப் போறியே, இந்தப் பீலிச் சண்டைய ஒரு முடிவுக்குக் கொண்டா பாப்போம்" என்றார். கேலிதான். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு லயத்துப் பெண்களையும் பீலியடியில் கூட்டி, காலையில் ஒரு லயத்துக்கு, சாயங்காலம் மறு லயத்துக்கு, வாரம் ஒரு தடவை மாற்றிக்கொள்வது என்று ஓர் உடன்படிக்கையை முன்வைத்தேன். நடுநிலையாளருக்குரிய குரலில் பேசினேன். எனக்கே அந்தக் குரல் பிடித்திருந்தது.

"காலையில தண்ணி இல்லாம பெரட்டுக்கு எப்பிடிப் போறது?" என்றாள் ஒருத்தி. பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடம்.

"மலையில இருந்து வந்து மேல ஊத்தாம எப்பிடித் தூங்குறது?" என்றாள் எதிர்ப்பக்கத்து இன்னொருத்தி.

"வாத்தியார் மகளுக்குப் பெரட்டு உண்டா, மலை உண்டா?" என்றாள் மூன்றாமவள். அவள் எந்த லயம் என்று இப்போது நினைவில்லை. அதற்குள் அது முக்கியமில்லாமல் போயிருந்தது. இரண்டு லயமும் முதன்முறையாக ஒன்றாகச் சேர்ந்து, எங்கள் வீட்டார் கொஞ்ச நாள் கீழே ஆற்றில் போய்த் தண்ணீர் எடுக்கட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தன. சமாதானம் வந்துவிட்டது என்று நான் சொன்னேன். வழுக்குப் பாறையில் குடத்தோடு நின்ற அம்மா சொன்னதை எழுத முடியாது.

இனி நேர்முகப் பரீட்சை. கொழும்பில், கடலைப் பார்த்த ஒரு பழைய கட்டடம். என்னோடு காத்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள், எல்லோரும் டை கட்டியிருந்தார்கள். மலையில் உடுத்துகிற கம்பளிச் சட்டையை அம்மா வற்புறுத்திப் போட்டு அனுப்பியிருந்ததால் நான் வேர்த்து வழிந்துகொண்டிருந்தேன். உள்ளே போய் வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை ஒளிக்கவில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்வி: இரண்டு நாடுகளுக்கிடையே மிகவும் ஆபத்தான பொருள் எது? அணுகுண்டு என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஒருவர் மட்டும் வித்தியாசமாக ஹைட்ரஜன் குண்டு என்றிருந்தார்.

உள்ளே மூன்று பேர். ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர், குட்டையாக முடி வெட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா, கொழும்புப் பெரியவர் ஒருவர். கேள்வி வந்தது.

"சுத்தமாகக் கூட்டிப் பெருக்கி வைத்த வீடு" என்றேன்.

மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ஆனபிறகு எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். அங்கே ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்தபோது நான் சின்னப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பணிஸ், அதாவது இனிப்பு பன், கொடுத்தார்கள். அந்தப் பணிஸின் ருசி வாயை விட்டுப் போவதற்குள் ஒரு சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று சொல்லி, தோட்டத்து ஜனங்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று ஆகிவிட்டது. வேண்டுமானால் விண்ணப்பிக்கலாம், இங்கேயே நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் உண்டு என்று காட்டலாம் என்று அடுத்து ஒரு சட்டம் வந்தது. அப்பா பிறந்தது இந்தத் தோட்டத்தில். அம்மா பிறந்தது பூண்டுலோயாப் பக்கம். எண்ணத்தை எப்படிக் காட்டுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா விண்ணப்பித்தார். சில வருஷம் கழித்து, பிரஜாவுரிமை அலுவலகமான கந்தோரிலிருந்து ஓர் ஐயா வீட்டுக்கே வந்து விசாரிக்கப் போகிறார் என்று தகவல் வந்தது.

பெரிய மனிதர் ஒருவர் லயத்துக்கு வருகிறார் என்றால் என்ன செய்யவேண்டும் என்பது எங்கள் ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். துரை லயம் பார்க்க வருகிற நாளில் செய்வதைத்தான் செய்யவேண்டும். துரைக்குக் கண்ணில் எதுவும் படக்கூடாது. கொடியில் துணி தொங்கினால் பிரம்பால் தட்டிவிடுவார். முன் திண்ணையான இஸ்தோப்பில் சட்டி பானை இருந்தால் காலால் தள்ளுவார். ஆகவே அன்றைக்குத் துணிமணி, சட்டி, படம், பாய் எல்லாம் தகரப்பெட்டிக்குள் போகும். கோழியும் ஆடும் காட்டுக்குள் போகும். சாணி போட்டு மெழுகி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, யாருமே குடியிருக்காத காம்பிரா மாதிரி ஆக்கி வைத்தால் துரை தலையை ஆட்டிவிட்டுப் போவார். நல்ல குடும்பம் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்வார்.

நாங்கள் ஒன்றும் குறை வைக்கவில்லை. அம்மா இரண்டு நாள் மலைக்குப் போகாமல் வேலை செய்தாள். இயேசுநாதர் படத்தைக்கூடக் கழற்றிப் புடவைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். அம்மியைச் சாக்குப் போட்டு மூடினாள். மூன்று தகரப்பெட்டிகளையும் கயிறு போட்டுக் கட்டி வாசலுக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினாள். எனக்கு எண்ணெய் தடவி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, அந்தப் பெட்டிகளின் பக்கத்தில் நிற்க வைத்தாள். கோயிலிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலி ஒன்றைத் தவிர வீட்டில் எதுவும் இல்லை.

வந்தவர் வாசலில் நின்று பார்த்தார். வெறும் சுவர். வெறும் தரை. கயிறு கட்டிய பெட்டிகள். சட்டை போட்டுத் தயாராக நிற்கும் பிள்ளை.

"எல்லாம் கட்டி வைத்துவிட்டீர்கள் போலிருக்கிறதே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாங்க சேர்" என்றார் அப்பா, பெருமையாக. "நேற்றே கட்டிவிட்டோம்."

அவர் உட்காரவே இல்லை. இந்தக் குடும்பம் நாட்டை விட்டுக் கிளம்பத் தயாராக இருக்கிறது, நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் எதுவும் காணவில்லை என்று முடிவு வந்தது.

இதைச் சொல்லி முடித்தபோது வெள்ளைக்காரப் பேராசிரியர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. சிறிது பொறுத்துப் பேராசிரியரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"அந்த ஐயாவுக்கு எங்கள் மேல் பகை இல்லை" என்றேன். "நாங்களும் அவரை ஏமாற்ற நினைக்கவில்லை. நாங்கள் மரியாதை காட்டினோம். அவர் பயணத்தைப் பார்த்தார். ஒரு நாடு பயத்தில் எல்லையில் வேலி போடுகிறது. பக்கத்து நாடு, இவன் எதற்கோ தயாராகிறான் என்று நினைக்கிறது. குண்டு அதற்குப் பிறகுதானே வருகிறது?"

கொழும்புப் பெரியவர் பேனாவைத் திரும்ப எடுத்தார். "படித்து முடித்துவிட்டு எந்த அரசாங்கத்துக்கு வேலை செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டார்.

"ஒன்று கிடைத்தால் அதற்கு" என்றேன். அதைக் கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன். கம்பளிச் சட்டையும் ஒரு காரணம்.

இடம் கிடைத்தது. நான் எம்பிக் குதித்தேன். அப்பா எம்பவில்லை, அவர் ஏற்கெனவே கடிதத்தின் மிச்சத்தையும் வாசித்துவிட்டிருந்தார். எல்லாம் அவர்கள் தருவார்கள், கடவுச்சீட்டு மட்டும் நான் கொண்டுவர வேண்டும். பிரஜையாக இல்லாதவளுக்குக் கடவுச்சீட்டை யார் கொடுப்பார்கள்?

ஒரே ஒரு வழி இருந்தது. அப்பா அந்தப் பழைய முடிவை எதிர்த்து மேன்முறையீடு செய்திருந்தார். அது வருஷக்கணக்காகத் தூங்கி, சரியாக அந்த நேரத்தில் கண்விழித்தது. மறு விசாரணைக்கு இன்னொருவர் வீட்டுக்கு வருவார் என்று அறிவித்தார்கள். அதில் ஜெயித்தால் எங்கள் மூன்று பேருக்கும் பிரஜாவுரிமை. தோற்றால் அதோடு சரி, இன்னொரு தடவை இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. நான் படிக்கப் போவதற்குப் பிரஜாவுரிமை வேண்டும். பிரஜாவுரிமை வேண்டுமானால், எங்களுக்கு இந்த நாட்டை விட்டுப் போகிற எண்ணமே இல்லை என்று காட்டவேண்டும். எண்ணமே இல்லாத அந்த வீட்டில், கப்பலேறத் துடித்துக்கொண்டு நான் ஒருத்தி.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சங்கத் தலைவர், "படிப்புன்னு வாயத் தொறக்காதீங்க" என்றார். புடவைக்கடை முதலாளி இன்னும் பக்குவமாக, "கேக்காததுக்குப் பதில் சொல்லாம உடுறது பொய்யில்ல மகள். யாவாரத்துல நாங்க செய்றதுதான்" என்றார். அப்பா சபைக் கோயிலில் ஞாயிறுதோறும் வேதம் வாசிக்கிறவர். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அதனால் பொய் சொல்லாமல் தப்ப ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பாப்பா, அன்னைக்கு நீ ஹட்டன்ல கூட்டாளிப் புள்ள வீட்டுல இரு. அவரு போனதுக்கப்புறம் வா."

எனக்கு வந்த கோபத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கோபத்தைவிட அழுகைதான் அதிகம். முந்தின தடவை இயேசுநாதரையும் அம்மியையும் ஒளித்தோம். இந்தத் தடவை என்னையா?

அம்மா தட்டை எடுத்து என் முன்னால் திரும்ப வைத்தாள். "அவ வீட்டுல அவ இருப்பா" என்றாள் அப்பாவிடம். "இன்னொரு தடவ நான் எதையும் எடுத்து உள்ள வெக்க மாட்டேன்."

அது வெறும் பேச்சில்லை. முதல் முடிவு வந்த நாளிலிருந்து அம்மா எங்கள் வீட்டை வேறு மாதிரி நடத்திக்கொண்டிருந்தாள். மூன்று தகரப்பெட்டிகளையும் காலி செய்தாள். ஒன்றில் மண்ணைக் கொட்டி வாசலில் வைத்துப் புதினா நட்டாள். ஒன்றில் விறகு. ஒன்று கோழி அடைகாக்க. பெட்டியில் இருந்ததெல்லாம் சுவருக்கு வந்தது. சுவர் நிறைய ஆணி அடித்தாள். ஆணியில் சட்டி, ஆணியில் சீப்பு, ஆணியில் அப்பாவின் குடை, ஆணியில் என் பள்ளிக்கூடத்துப் பை, நடுவில் இயேசுநாதர். துரை லயம் பார்க்க வந்து பிரம்பால் கொடியைத் தட்டிவிட்டால், அவர் அடுத்த காம்பிராவுக்குப் போகும்வரை பொறுத்திருந்து திரும்பக் கட்டுவாள். எங்கள் வீட்டில் தலையைக் குனியாமல் யாராலும் நடக்க முடியாது. கூட்டாளிகளை அழைத்துவர எனக்கு வெட்கமாக இருக்கும். அம்மாவுக்கு ஆணிப் பைத்தியம் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

விசாரணை நாளில் அப்படி ஒரு மழை. வந்தவர் இளம் வயது. கொத்மலைப் பக்கத்துச் சிங்களவர், கொஞ்சம் தமிழும் பேசினார். தொப்பலாக நனைந்திருந்தார். அம்மா அவருடைய கோட்டை வாங்கி உதறி, அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டினாள். அவர் உட்கார இடம் தேடினார். கட்டிலில் காயாத துணி. பெஞ்சில் அப்பாவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுடைய சிலேட்டுகள். விறகுப் பெட்டியின் மேல் பூனை. அம்மா பூனையைத் தள்ளி இடம் பண்ணினாள். உட்கார்ந்தவரின் காலுக்குப் பக்கத்தில் மற்றப் பெட்டிக்குள்ளிருந்து கோழி கொத்த வந்தது.

"இது என்ன, பெட்டிக்குள்ளே கோழி?"

"அது அதோட வீடுங்க" என்றாள் அம்மா. "அடையில இருக்கு. கிட்டக் காலக் கொண்டு போகாதீங்க."

அவர் காலை இழுத்துக்கொண்டார். அப்பாவிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எங்கே பிறந்தீர்கள், எத்தனை வருஷம் இந்தத் தோட்டத்தில், இந்தியாவில் காணி பூமி உண்டா. அப்பா எழுந்து நின்றே பதில் சொன்னார். உட்காருங்கள் என்று அவர் சொன்ன பிறகும் நின்றார். பேனா மூடும் சத்தத்துக்காக நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். மூடப்போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த வீட்டிலிருந்து யாராவது வெளிநாடு போகிற உத்தேசம் இருக்கிறதா?"

கேட்டுவிட்டார். முதலாளியின் யோசனை அதோடு தீர்ந்துபோயிற்று. அப்பா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அம்மாவின் கரண்டி தேநீருக்குள் சுற்றுவதை நிறுத்தியது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் மூன்று பேருக்கும் நாடு கிடைத்துவிடும், பிறகு மெதுவாகக் கடவுச்சீட்டு எடுக்கலாம் என்று என் மூளை சொன்னது. நல்ல மூளைதான். ஆனால் எனக்கு அந்த வெறும் வீடு ஞாபகம் வந்தது. அந்த எண்ணெய் தடவிய பிள்ளை ஞாபகம் வந்தாள்.

"இருக்கிறது. நான்தான்" என்றேன். அரைச் சிங்களமும் அரை ஆங்கிலமுமாக, என்ன படிப்பு, எங்கே, எத்தனை காலம் என்று எல்லாம் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. கோபமில்லை. வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "அப்படியென்றால் நாட்டை விட்டுப் போவதற்குத்தான் பிரஜாவுரிமை கேட்கிறீர்களா? நான் என்ன எழுதுவது?"

"போவதற்கு எதுவும் தேவையில்லையே ஐயா" என்றேன். "தலைமன்னாருக்கு ரயில் ஏறி இந்தியாவுக்குக் கப்பல் பிடித்தால் எங்களை ஏன் போகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சந்தோஷமாகவே அனுப்பி வைப்பார்கள். நான் கேட்பது திரும்பி வருவதற்கு."

அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, சிங்களத்தில், மகள் திரும்பி வருவாளா என்று கேட்டார்.

அம்மாவுக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும். "எனவா, எனவா" என்றாள். வருவாள், வருவாள். அது போதாது என்று பட்டிருக்க வேண்டும். தமிழுக்கு மாறிக் கரண்டியால் சுவரைக் காட்டினாள். "வராம? இம்புட்டு ஆணியும் யாருக்கு அடிச்சு வெச்சிருக்கேன்?"

அவர் சுவரைப் பார்த்தார். மெதுவாக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தார். தேநீரைக் குடித்தார். சீனி கூடுதல் என்றார். குனிந்து குனிந்து சட்டிகளைத் தாண்டி வெளியே போனார். பாதி வழி இறங்கிப் போனவர், மழையில் ஓட்டமாகத் திரும்பி வந்தார். கோட்டை மறந்துவிட்டாராம்.

"ஆணி இருந்தா அப்பிடித்தான்" என்று அம்மா அதை எடுத்துக் கொடுத்தாள்.

காத்திருந்த மாதங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் பாடம் நடத்தினேன், பத்திரிகை மடிப்பைக் கலைத்தேன், காரணமில்லாமல் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். கோழி குஞ்சு பொரித்தது. பல்கலைக்கழகம் எனக்காக ஒரு தவணை பொறுத்துக்கொண்டது. பிறகு ஒருநாள் அப்பா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மலைக்கு ஏறி, கொழுந்து நிரைக்குள் புகுந்து அம்மாவைத் தேடினார். அவர் மலைக்குள் கால் வைத்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. கங்காணி பதறிப்போய் யார் செத்தது என்று கேட்டாராம்.

எங்களுக்குக் கிடைத்துவிட்டது. மூன்று பேருக்கும்.

எங்கள் லயத்தில் மற்ற எந்தக் காம்பிராவுக்கும் கிடைக்கவில்லை. அவர்களும் எங்களைப் போலவே இங்கே பிறந்தவர்கள். பீலியடியில் எங்களை ஆற்றுக்குத் துரத்தியவர்கள், சல்யூட் அடித்த சின்னதுகளின் அப்பா அம்மாக்கள். ஏன் எங்களுக்கு மட்டும் என்று யாரும் கேட்கவில்லை, ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சந்தோஷமாக இருந்தேன். அந்த ரொட்டியைப் பாதியில் கீழே வைத்ததும் உண்மை. நாடுகளின் கொள்கைகளைப் பற்றி நான் பின்னால் எழுதியவற்றுக்கெல்லாம் அந்த ரொட்டிதான் காரணம் என்று சொன்னால் என்னோடு வேலை செய்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

கடவுச்சீட்டு வந்தது. கப்பலுக்கு நாள் குறித்தாயிற்று. சாமான் கட்ட உட்கார்ந்தேன். கம்பளி, புத்தகம், அம்மா இடித்த மிளகாய்த்தூள், எல்லாவற்றையும் வைக்கப் பெட்டி வேண்டுமே. குஞ்சுகள் வளர்ந்து வெளியே போய்விட்டதால் கோழிப் பெட்டி சும்மாதான் கிடந்தது. கழுவி எடுக்கலாம் என்று கை வைத்தேன்.

"அத வை கீழ" என்றாள் அம்மா.

"காலியாத்தானே இருக்கும்மா."

"காலியா இருந்தா இருக்கட்டும். இந்தத் தோட்டத்துல பெட்டியத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்கு எறங்குனவங்க யாராச்சும் திரும்ப மேல ஏறி வந்து பாத்திருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததில்லை. தலையில் தகரப்பெட்டியோடு றொசல்லவுக்கு இறங்கியவர்களை நாங்கள் வாசலில் நின்று அழுது அனுப்பியிருக்கிறோம். யாரையும் வரவேற்றதில்லை.

"பெட்டி இங்கதான் இருக்கும். நீ பையில கொண்டு போ. பையில போறவ திரும்பி வருவா" என்றாள்.

சர்வதேசப் பாதுகாப்புப் படிக்கப் போகிறவளுக்கு அதை எதிர்த்து வாதாட எவ்வளவோ வழி உண்டு. பெட்டியைக் கீழே வைத்தேன். ஹட்டன் முதலாளி ஒரு ரெக்சின் பை கொடுத்தார். அதில் கொண்ட மட்டும் வைத்தேன். மிச்சமெல்லாம் ஆணிக்குத் திரும்பிப் போயிற்று. என் பள்ளிக்கூடத்துப் பையையும், பழைய கம்பளிச் சட்டையையும், சீப்பையும் அம்மா அதனதன் ஆணியில் மாட்டியபிறகுதான் என்னை வாசலைத் தாண்ட விட்டாள்.

போய்ச் சேர்ந்த ஊரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாணவிகள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, என் கையில் இருந்த பையைப் பார்த்து, எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். மற்ற நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஆள் உயரப் பெட்டிகளோடு வந்திறங்கியிருந்தார்கள்.

"உன்னுடைய சாமான்கள் எல்லாம் எங்கே?" என்று கேட்டார்.

"வீட்டில்" என்றேன்.

"எப்போது வரும்?"

"அவை வராது. நான்தான் போவேன்."